தரை தொடும் முன் முப்பது நொடி: தரையிறக்க நாட்குறிப்பு

ஜூன் 2

சிறிய விமானங்களின் தரையிறக்க விபத்துகளில் உடைவது ஓடுபாதையில்தான். ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் அரை நிமிடம் முன்பே, ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில்) உருவாகிவிடுகிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது வேகம்.

கணக்கு எளிது. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) முழுவதும் இறக்கிய நிலையில் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகுமோ, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்குமோ, அதை 1.3-ஆல் பெருக்க வேண்டும். 48 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால் 62. ஸ்டாலுக்கு அருகே வேகமானி குறைத்துக் காட்டும். அதனால் முள் காட்டும் எண்ணை வைத்துப் பெருக்கக் கூடாது, கையேட்டில் உள்ள திருத்தப்பட்ட வேகத்தை எடுக்க வேண்டும். காற்று 12 நாட், இடையிடையே 22 வரை எகிறுகிறது என்றால் வித்தியாசம் 10. அதில் பாதி, 5 நாட் மட்டும் கூட்டினால் போதும்.

அதற்கு மேல் ‘இருக்கட்டுமே’ என்று கூட்டுவதுதான் வினை. இறங்கி நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 62-க்குப் பதில் 72-ல் வந்தால், காற்றில்லா நாளில் கரைக்க வேண்டிய ஆற்றல் 35 சதவீதம் கூடுதல்.

ஜூன் 5

அந்தக் கூடுதல் ஆற்றல் என்ன செய்யும் என்பதை இன்று கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அதிகம் உடைவது இங்கேதான்.

இறக்கை தரையை நெருங்கியதும் தூண்டல் இழுவை (தூக்குவிசையோடு சேர்ந்தே வரும் காற்றுத் தடை) குறைகிறது. இறக்கையின் முழு அகலத்தில் கால் பங்கு உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்துவிடும். விமானம் இறங்க மாட்டேன் என்று மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்ந்துகொண்டே வருவதைப் பார்க்கும் கை, தன்னையறியாமல் கண்ட்ரோலை முன்னே தள்ளும். அப்போது மூக்குச் சக்கரம் முதலில் தரையில் இடிக்கும்.

இடித்த வேகத்தில் மூக்கு மேலே எழும், இறக்கையின் தாக்கு கோணம் (எதிரே வரும் காற்றோடு இறக்கை செய்யும் கோணம்) கூடும், விமானம் மறுபடி பறக்கும். விமானி திரும்பவும் தள்ளுவார். ஆனால் அவர் கை எப்போதும் ஒரு கணம் பிந்தியே போகும், அவர் தள்ளும்போது மூக்கு ஏற்கெனவே தானாக இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த இடி முந்தையதைவிடப் பலமாக விழும். இதைப் போர்பஸிங் என்பார்கள், தவளைப் பாய்ச்சல் என்றால் நமக்கு உடனே புரியும். இரண்டாவது மூன்றாவது பாய்ச்சலிலேயே மூக்குக் கால் மடங்கி புரொப்பெல்லர் தரையில் அடிக்கலாம்.

மீளும் வழி: சின்னத் துள்ளல் என்றால் மூக்கை இருந்த நிலையிலேயே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து, மீண்டும் ஃப்ளேர் செய்து (மூக்கை மெல்ல உயர்த்தி) இறங்கலாம். பெரிய துள்ளல் அல்லது இரண்டாவது துள்ளல் என்றால் முழு த்ராட்டில் (எஞ்சினுக்கு முழுச் சக்தி), கோ-அரவுண்ட்: இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே போவது. தள்ளிச் சரிசெய்ய ஒருபோதும் முயலக் கூடாது.

பலமாக இறங்கிய விமானம் வெளியே நன்றாகத் தெரியலாம். எஞ்சின் மூடியைத் திறந்து தீச்சுவரின் (எஞ்சினையும் விமானியறையையும் பிரிக்கும் தகட்டின்) கீழ்ப்பகுதியைப் பாருங்கள்: தகட்டில் சுருக்கம், ரிவெட்டைச் சுற்றிக் கரிய பொடி, மூக்குக் கால் பொருந்தும் இடத்தில் விரிசல். புரொப்பெல்லர் தரையைத் தொட்டிருந்தால், பிளேடு நேராகத் தெரிந்தாலும் எஞ்சினைப் பிரித்து கிராங்க்ஷாஃப்டைச் சோதிக்காமல் பறக்கக் கூடாது.

ஜூன் 8

மடங்கும் சக்கர விமானங்களுக்கு ஒன்றே ஒன்று. சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கையும் ஃபைனலில் இன்னொரு முறை, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ரேடியோவில் யாராவது குறுக்கே பேசிச் சரிபார்ப்பு பாதியில் நின்றால், விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜூன் 11

பக்கக் காற்று. ஓடுபாதைக்கு 30 பாகை சாய்வாக 20 நாட் வீசினால் பக்கக் கூறு 10 நாட். செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தின் கையேட்டில் 15 நாட் என்று இருக்கும். அது சோதனையில் செய்து காட்டிய அளவு, சட்டப்படியான உச்சவரம்பு அல்ல. பழகாத கைக்கு அதில் பாதியே அதிகம் என்பது என் கருத்து.

காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரால் (வாலில் உள்ள திருப்பும் தகட்டால்) மூக்கை ஓடுபாதையின் நேரில் வைத்து, காற்றுப்பக்கச் சக்கரத்தை முதலில் தொடவிட வேண்டும். தொட்டதும் ‘அப்பாடா’ என்று கையைத் தளர்த்துவதுதான் இங்கே நடக்கும் தவறு. வேகம் குறையக் குறைய ஏலெரானின் (இறக்கையைச் சாய்க்கும் தகட்டின்) பிடியும் குறையும். அதனால் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டே போய், நிற்கும்போது முழுத் திருப்பத்தில் இருக்க வேண்டும். வால்சக்கர விமானத்தில் எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானாகவே வளரும். ரட்டர் ஒரு நொடி தூங்கினாலும் விமானம் சுழன்றுவிடும்.

ஜூன் 15

தூரம். 172எஸ்ஸுக்கு கடல் மட்டத்தில், இயல்பு வெப்பத்தில், குறுகிய ஓடுபாதை முறையில் இறங்கினால் தரையோட்டம் சுமார் 175 மீட்டர், 50 அடித் தடையைத் தாண்டி மொத்தம் சுமார் 407. பின்காற்றில் ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது கையேடு. 6 நாட் பின்காற்று என்றால் 529 மீட்டர். காய்ந்த புல்தரை என்றால் தரையோட்டத்தில் 45 சதவீதம் கூடும். நீர் தேங்கிய பாதையில் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் உள்ள டயர் ஏறக்குறைய 49 நாட்டுக்கு மேல் தண்ணீரில் மிதக்கும், அப்போது பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொடாவிட்டால் மேலே போய்விட வேண்டும்.

ஜூன் 19

கோ-அரவுண்ட் செய்து மேலே போவதிலும் விபத்து உண்டு. ஃபைனலுக்கு ட்ரிம் செய்த (கையழுத்தம் இல்லாமலே அந்த வேகத்தில் நிற்கும்படி சரிசெய்த) விமானத்தில் முழு த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு வேகமாக எழும், இடப்பக்கம் இழுக்கும். முன்னே அழுத்திப் பிடித்து, வலது ரட்டர் கொடுத்து, பிறகு ட்ரிம்மைச் சரிசெய்ய வேண்டும். 172எஸ்ஸில் ஃபிளாப்பை முதலில் 20 பாகைக்கு மட்டும் ஏற்ற வேண்டும், வேகம் 60 நாட். மீதியைத் தடைகளைத் தாண்டி, வேகம் கூடிய பின் படிப்படியாக ஏற்றலாம். ஒரேயடியாக மடக்கினால் விமானம் அமிழும். கார்புரேட்டர் எஞ்சின் என்றால் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடான காற்றை விடும் அமைப்பை) மூட மறக்காதீர்கள். திறந்தே இருந்தால் எஞ்சினின் முழுச் சக்தி கிடைக்காது.