கூடக் கட்டிய மூன்று இலட்சம் முதலுக்குப் போகவில்லை

வீட்டு உறுதியை ஈடு வைத்துக் கடன் எடுத்திருக்கிறீர்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, கடனின் முதல் தொகையைக் குறைக்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால், வங்கிக்குப் போகமுதல் இதைப் படியுங்கோ.

எங்களுடையது மாறும் வட்டி. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியபிறகு தவணை ஏறிய ஏற்றத்தை இந்த வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை. 2023 நடுப்பகுதியில் இருந்து வட்டி இறங்கத் தொடங்கியும் பயம் தெளியவில்லை. அதனால் சீட்டுக் காசு கைக்கு வந்ததும் மூன்று இலட்சத்தைக் கொண்டுபோய், "முதலில கழியுங்கோ" என்று சொல்லிக் கட்டினேன். பற்றுச்சீட்டும் தந்தார்கள்.

அடுத்த கணக்குக் கூற்றைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. முதல் மீதி வழமையான தவணைக்கு எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் இறங்கியிருந்தது. மூன்று இலட்சமும் முற்பணம் என்று தனி வரியில் சும்மா கிடந்தது. வரப்போகிற தவணைகளை அதிலிருந்து எடுத்துக்கொள்வார்களாம். வட்டி மட்டும் பழைய மீதிக்கே ஓடிக்கொண்டிருக்கும். 14 வீத வட்டி என்று வைத்துப் பாருங்கள்: மூன்று இலட்சம் முதலில் கழிந்தால் மாத வட்டியில் 3,500 ரூபாய் குறைய வேண்டும். எனக்கு ஒரு சதமும் குறையவில்லை.

கடன் பிரிவில் இருந்த பிள்ளை கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, கூடக் கட்டினா சிஸ்டம் அடுத்த தவணைக்குத்தான் எடுக்கும்."

"முதலுக்கு எண்டு சொல்லித்தானே தம்பி கட்டினனான்?"

"அதுக்குக் கடிதம் தரவேணும் அக்கா."

காசை எண்ணி வாங்கும்போது இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை!

கடிதம் எழுதிக்கொண்டு போனால், கடனில் கையெழுத்து வைத்த இரண்டு பேரும் ஒப்பமிட வேண்டுமாம். இவர் வவுனியாவில் வேலை. வார இறுதியில்தான் வருவார், அன்றைக்கு அந்தப் பிரிவு பூட்டு. ஒருமாதிரி கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் முகாமையாளர் கொழும்பில் பயிற்சிக்குப் போய்விட்டார். அப்புறம் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு" என்ற பழைய பல்லவி. கடைசியில் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடப்போகிறேன் என்று மெதுவாகத்தான் சொன்னேன். அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தார்கள். காசு கட்டிய திகதியில் இருந்தே முதலைக் குறைத்து, இடையில் எடுத்த வட்டியையும் திருப்பிப் போட்டார்கள். அந்த ஒரு நாள் நல்லாய் நித்திரை கொண்டேன்.

கடிதத்தில் கடன் இலக்கம், தொகை, "முதல் தொகையில் மட்டும் கழிக்கவும்" என்ற வரி மூன்றும் இருக்கட்டும். பிரதியில் வங்கி முத்திரையும் திகதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் தங்கள் பாட்டுக்கு ஒன்றைச் செய்துவிடுவார்கள். நாங்கள் காலத்தைக் குறைக்கச் சொன்னோம். பழைய தவணையையே கட்டினால் கூடுதலான வட்டி மிச்சப்படும். புதிய தவணை அட்டவணை அச்சில் கைக்கு வரும்வரை வேலை முடிந்ததாக எடுக்கவேண்டாம். தவணை நாளன்று, அந்த மாத வட்டியையும் தீர்த்துவிட்டுக் கட்டினால் கணக்குப் பார்ப்பதும் சுலபம்.

முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். எங்களுடையதில் பகுதியாகக் கட்ட ஒன்றுமில்லை, முழுக் கடனையும் முடித்தால்தான் அறவிடுவார்கள்.

அடுத்த சீட்டு தைக்குப் பிறகு. கடிதத்தில் இரண்டு பேரும் இப்போதே ஒப்பமிட்டு வைத்துவிட்டோம், தொகையும் திகதியும் மட்டும் நிரப்ப இருக்கிறது.