மணிமேகலையின் பூதவாதியும் நம் தத்துவ வகுப்பும்

நம் கல்லூரியில் இந்தியத் தத்துவத் தாள் எழுதியவர்களுக்கு உலகாயதம் முதல் வாரத்திலேயே முடிந்துபோகும் பாடம். கண்ணால் கண்டதே மெய், பூதங்களின் சேர்க்கையே உயிர், மறுமை கிடையாது, கடன் வாங்கியாவது நெய் குடி. இவ்வளவு எழுதினால் தேர்வுக்குப் போதும். நமக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் அதோடு விட்டதில்லை. பல சமயவாதிகளிடையே பூதவாதியும் (பூதங்களின் சேர்க்கையே உயிர் என்பவன்) பேசும் மணிமேகலை 27ஆம் காதையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவார். அவர் கற்பித்த வாசிப்பு முறையை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். சென்னையை விட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்ட நமக்கு அது இன்றும் பயன்படும்.

உலகாயதரின் மூல நூல் முழுதாக ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. பிருகற்பதி செய்ததாகச் சொல்லப்படும் சூத்திரங்களில் சில, அவற்றை மறுக்க வந்தவர்களின் நூல்களில் மேற்கோளாக நிற்கின்றன. 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான கமலசீலர், காசுமீரத்து நையாயிகர் (நியாய தரிசனத்தைச் சேர்ந்தவர்) ஜயந்த பட்டர், 14ஆம் நூற்றாண்டு மாதவர் என்று எடுத்துச் சொன்னவர் எல்லோரும் எதிர்த்தரப்பினரே. ஆகவே ஆசிரியர் சொன்ன முதல் விதி இது: ஒரே கூற்றைப் பௌத்தர், சமணர், நையாயிகர் என்று ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்கள் ஒரே வடிவில் எடுத்துச் சொன்னால் அதை நம்பு. ஒருவர் மட்டும் சொல்லி, அதுவும் கேலியாக இருந்தால் தள்ளிவை.

நெய் விஷயத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மாதவரின் சர்வதரிசன சங்கிரகத்தில் சார்வாகம்தான் (உலகாயதத்தின் மறுபெயர்) முதல் அத்தியாயம். அதன் தொடக்கத்தில் அந்தச் சுலோகம் 'உள்ளவரை இன்பமாய் வாழ். சாவுக்கு எட்டாதது எதுவும் இல்லை' என்று வருகிறது. அதே அத்தியாயத்தின் இறுதியில் இரண்டாம் பாதி மாறி, 'கடன் பட்டாவது நெய் குடி' என்று நிற்கிறது. மாதவருக்கு ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு முந்திய ஜயந்த பட்டர் காட்டுவது முதல் பாடத்தைத்தான். மறுத்துப் பேச ஒரு சார்வாகரும் எஞ்சியிராத காலத்தில் ஏறிய பாடம் பிந்தையது என்றே நான் கொள்கிறேன். ஒரு தத்துவ மரபையே சாப்பாட்டு ஆசையாகச் சுருக்கிவிட்டது அந்த அரை அடி. அதைத்தான் நாம் தேர்வில் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

இனி மணிமேகலை. காப்பியத் தலைவி வஞ்சி நகரில் ஆண் தவசி வேடத்தில் சமயக் கணக்கர்களை, அதாவது பல சமயவாதிகளை, கேட்டு வருகிறாள். அளவைவாதியில் தொடங்கும் வரிசையில் பூதவாதி கடைசி. அவன் பேச்சு ஒரு கைப்பிடி அடிகள்தான்:

'தாதகிப் பூவும் கட்டியும் இட்டு
மற்றும் கூட்ட மதுக்களி பிறந்தாங்கு
உற்றிடும் பூதத்து உணர்வு தோன்றிடும்'

வடமொழிச் சூத்திரமும் இதே உவமையைச் சொல்கிறது. கிண்வம் முதலியவற்றிலிருந்து மதம் (வெறி) பிறப்பதுபோல என்று. கிண்வம் என்றால் நொதி. மணிமேகலை பாடிய சாத்தனார் அங்கே தாதகிப் பூவை வைக்கிறார். அரிட்டம், ஆசவம் என்னும் நொதி மருந்துகளைச் செய்யும் வைத்தியர்கள் இன்றும் நொதிக்க இடுவது அந்தப் பூவைத்தான். வெல்லக் கரைசலில் பூவைப் போட்டு, வாயைக் கட்டி, வாரக்கணக்கில் வைத்தால் சாராயச் சத்து ஏறும். பூவைத் தனியே மென்றாலும் வெறி வராது, கட்டியைத் தனியே தின்றாலும் வராது. அளவு தப்பினாலோ வாய்க்கட்டு நெகிழ்ந்தாலோ புளித்துக் காடியாகும். சேர்க்கை, விகிதம், காலம் மூன்றும் கூடினால்தான் களி. உணர்வும் அப்படித்தான் என்பது வாதம். பகுதிகளில் இல்லாத குணம் முழுமையில் தோன்றும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிய பழம்பாட்டு வேறொன்றை நான் படித்ததில்லை.

எதிர்வாதமும் சளைத்ததல்ல. சங்கரர் பிரம்மசூத்திர பாடியத்தில் (3.3.54) கேட்கிறார்: உணர்வு உடலின் குணமென்றால், உடல் கிடக்கும்போதே சாவில் அது ஏன் இல்லை? விளக்கு இருந்தால் காண்கிறோம், இல்லாவிட்டால் காண்பதில்லை. அதனால் காண்பது விளக்கின் குணமாகிவிடுமா? உலகாயதருக்கு இதற்கு ஒரு விடை உண்டு. பிணத்தில் சேர்க்கையே குலைந்துவிட்டது, காற்று போய்விட்டது. விளக்கு உவமைக்கு மட்டும் அவ்வளவு எளிதில் விடை சொல்ல முடியாது.

பூதம் எத்தனை என்பதில் நூல்கள் வேறுபடும். சூத்திரம் நிலம், நீர், தீ, காற்று என்று நான்கோடு நிற்கும். ஆகாயம் புலனுக்கு எட்டாது அல்லவா. நீலகேசி என்னும் சமணக் காப்பியத்தின் கடைசிச் சருக்கத்துப் பூதவாதி ஐந்து கொள்கிறான். தமிழில் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

வகுப்பில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது பௌத்தரின் பாலி நூலான தீக நிகாயத்துப் பாயாசி சுத்தம். பாயாசி என்னும் சிற்றரசன் உயிர் உண்டா என்று பார்க்கக் குற்றவாளிகளை வைத்துச் சோதனை செய்கிறான். ஒருவனை உயிரோடு குடத்தில் அடைத்து, வாயை ஈரத்தோலால் மூடி, மேலே கனமாக ஈரக்களிமண் பூசி, அடுப்பில் ஏற்றுகிறான். செத்தான் என்று தெரிந்ததும் இறக்கி, பூச்சை உடைத்து, மெல்லத் திறந்து, உயிர் வெளியேறுகிறதா என்று உற்றுப் பார்க்கிறான். இன்னொருவனை உயிரோடு எடை போட்டு, தோல் கிழியாமல் கழுத்தை நெரித்துக் கொன்று மறுபடி எடை போடுகிறான். பிணம்தான் கனமாக இருந்தது என்கிறான். அவனோடு வாதிடும் பௌத்தத் துறவி குமார காசியபர், பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டு இலேசாக இருக்கும், ஆறினால் கனக்கும் என்று உவமை சொல்லி மடக்குகிறார். கொடூரமான சோதனைகள். அவற்றின் பிழையும் வெளிப்படை: உயிருக்கு எடையும் வெளியேற வழியும் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டான். காய்ந்த இரும்பு இலேசாகும் என்பதும் தராசில் நிற்காத பேச்சு. ஆனாலும், செய்து பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்ற பிடிவாதத்தை எதிர்த்தரப்பு நூலே காப்பாற்றி வைத்திருக்கிறது.

அளவையியலுக்கு வருவோம். 'கண்கூடு அல்லது கருத்து அளவு அழியும்' என்கிறான் பூதவாதி. நேரே காண்பதைத் தவிர அனுமானம் நில்லாது என்பது பொருள். ஏன் அழியும்? புகை உள்ள இடத்தில் எல்லாம் தீ உண்டு என்ற தொடர்பை நிறுவ, முக்காலத்துப் புகையையும் பார்த்தாக வேண்டும். மறைந்து நிற்கும் நிபந்தனை (உபாதி) வேறு இருக்கலாம். தீ இருந்தாலே புகை வந்துவிடாது. ஈர விறகு வேண்டும். இப்படிப்பட்ட உபாதி வேறொன்றும் இல்லை என்பதைக் கண்ணால் காண வழியில்லை. மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள்: 'தந்தை தாயரை அனுமானத்தால் அலது இந்த ஞாலத்து எவ்வகை அறிவாய்?' பூதவாதி அதன்பின் வாய் திறப்பதில்லை. புரந்தரர் என்ற சார்வாகர் இருந்திருந்தால் திறந்திருப்பார். உலக நடப்புக்குள் அனுமானம் செல்லும், அதைத் தாண்டி மறுமைக்கு நீட்டுவதைத்தான் ஏற்கமாட்டோம் என்பது அவர் நிலை என்று கமலசீலர் குறித்திருக்கிறார். பெற்றவளைக் கண்டவர்கள் ஊரில் உண்டு. மறுமையைக் கண்டவர் யார்?

ஐயவாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஜயராசி பட்டர். அவருடைய தத்துவோபப்லவசிம்மத்தின் ஓலைச்சுவடி 1926இல் குசராத்தின் பாட்டனில் கிடைத்து, 1940இல் பரோடாவில் அச்சேறியது. காட்சி பிறழாத அறிவு என்கிறார்கள் நையாயிகர்கள். பிறழாதது என்று எப்படித் தெரியும் என்கிறார் இவர். பொறிகளில் குற்றமில்லை என்பதாலா? பொறியின் குற்றமின்மை கண்ணுக்குத் தெரியாது. பின்னால் மறுப்பு வரவில்லை என்பதாலா? கானல்நீரைப் பார்த்தவன் கிட்டே போகாமல் வேறு ஊருக்குப் போயிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். அதனால் அது நீராகிவிடுமா? இந்த இடத்தில் உலகாயதரின் கண்கூடும் சேர்ந்தே சரிகிறது. அவரைச் சார்வாகர் என்று ஒரே பெயரில் அடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சென்னைக்கு இதில் தனி உரிமை உண்டு. 1880களில் இந்நகரில் சுதந்திரச் சிந்தனையாளர்களின் சென்னை இலௌகிக சங்கம் என்று ஒன்று இயங்கியது. அதன் தமிழ் இதழ் தத்துவ விவேசினி 1882 முதல் 1888 வரை வந்தது. அது இப்போது தொகுதிகளாக மறுபதிப்புக் கண்டிருக்கிறது. நம் காலத்துப் பாடத்திட்டத்தில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் அவர் பதிப்பித்த மணிமேகலையின் 1898ஆம் ஆண்டுப் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். 27ஆம் காதையை முதலில் படியுங்கள். அடுத்து நீலகேசியின் பூதவாதச் சருக்கம், சக்கரவர்த்தி நயினாரின் 1936ஆம் ஆண்டுப் பதிப்பில் சமய திவாகர உரையோடு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தின் உலகாயதன் பகுதி மூன்றாவது. மாதவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து தொடங்கினால் நெய்க்குடம்தான் முதலில் கண்ணில் படும், பிறகு வேறெதுவும் ஏறாது.