கைட்டைப் பிடிக்க மறுத்த நாள்

"என்னால முடியாது சார்."

நான் சொன்னது இவ்வளவுதான். கூட என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கைட்சர்ஃபிங் கரையில் கைட்டைக் கிளப்ப உதவுகிறவன் நான். பலகையில் நிற்பவரைத் தண்ணீரில் இழுத்துப்போகும், காற்றடைத்த பெரிய பட்டம்தான் கைட். அன்று ஒருவர் 12 சதுர மீட்டர் கைட்டைக் கொண்டுவந்து என்னைப் பிடிக்கச் சொன்னார். காற்றின் வேகம் 18 நாட் (knot) முதல் 25 நாட் வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இழுப்பு காற்றின் வேகத்தோடு சமமாகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 18 என்று நம்பி நிற்கிறவர்மேல் 25 வந்து அடித்தால் இழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீரில் என்றால் பல நேரம் சமாளித்துவிடலாம். கரையில் காலுக்குக் கீழே மணல், இழுபடும் திசையில் பாறை. "9 போதும் சார்" என்றேன். அவருடைய 9 சதுர மீட்டர் கைட் வண்டியில் இருந்தது, வண்டி தூரத்தில் இருந்தது.

"தம்பி, பன்னிரண்டு வருஷமா பறக்கவிடுறேன். நீங்க சும்மா பிடிங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

அப்போதுதான் முடியாது என்றேன்.

லாஞ்சுக்கு, அதாவது கரையிலிருந்து கிளப்ப, கைட்டைப் பிடிக்கிறவன் லைன் (கைட்டின் கயிறு) சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, ஓட்டுகிறவர் கட்டை விரலைக் காட்டியதும் விட வேண்டும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். விடாமல் இருப்பதும் வேலைதான் என்று புதிதாக வரும் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் மறுத்தது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேனே, அதுதான் உறுத்துகிறது.

அவர் கொடிகளைத் தாண்டிக் கடைசி மூலைக்குப் போய், கைட்டின் ஒரு முனையை மடித்து மணலைப் போட்டு, தனியாகவே கிளப்பப் பார்த்திருக்கிறார். கைட் கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகும் பக்கம், அதிகம் தள்ளி இருந்திருக்கிறது. ஓரமாக ஏற வேண்டியது, இழுப்பு அதிகமுள்ள நடுப்பகுதி வழியாகச் சீறிக்கொண்டு போனது. சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவர் வயிறு மணலில் உரச இழுபட்டுக்கொண்டிருந்தார். இழுப்பை உடனே விடுவிக்கும் குவிக் ரிலீஸைத் தள்ளிவிட்டார், அது வேலை செய்தது. உடலோடு இணைத்திருக்கும் லீஷ் என்ற பாதுகாப்புக் கயிறு ஒரே லைனைப் பிடித்துக்கொள்ள, கைட் துணிபோல் தொங்கி விழுந்தது. பாறைக்கு நாலைந்து அடி இருந்தது. தோள்மூட்டு நழுவியிருந்தது.

அறிக்கையில் "உதவ மறுக்கப்பட்டது" என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாள், கைட்டை இறக்கும்போது தடுமாறிய ஒரு பையனை அவர் எல்லோர் முன்பும் திட்டியிருந்தார். அவருக்கு முடியாது என்று சொன்னபோது உள்ளே ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சரி, கோபம் இல்லாமல் இருந்திருந்தாலும் மறுத்திருப்பேன். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்திருக்கும். "வண்டிச் சாவியைக் கொடுங்க, பையனை அனுப்பி 9-ஐ எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

அப்புறம் எல்லாம் மாறியது. லாஞ்ச் இடத்தை மேல்காற்றுப் பக்கம், காற்று வரும் பக்கம், நகர்த்தினோம். லைன் மட்டுமே 24 மீட்டர் நீளம் என்பதால், கீழ்க்காற்றில் 50 மீட்டருக்குப் பாறை, ஆள், துண்டு விரித்துப் படுத்திருப்பவர் எதுவும் இருக்கக்கூடாது என்று முளை அடித்தோம். கைட்டைத் தலைக்கு மேல் நிறுத்திவைத்துக் கரையில் அரட்டை அடிக்காமல் நேரே தண்ணீருக்குள் போக வேண்டும். தனியாக லாஞ்ச் செய்யக்கூடாது. முளை அடிப்பது சுலபம், அதனால் முதலில் அதைத்தான் செய்தோம் என்று தோன்றுகிறது.

நான் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு வரி: மறுக்கிறவர், அந்தக் கைட்டில் காற்றை இறக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பையன் மட்டும், "அவ்வளவு நேரம் நின்னா மத்தவங்களை யாரு பார்க்கிறது அண்ணே?" என்றான். நியாயமான கேள்வி. அன்று நான் நின்றிருந்தாலும், எனக்காகக் காத்திருந்த மற்றவர்களில் ஒருவர் பொறுமை இழந்து தனியாகக் கிளப்பியிருக்கலாம்.

தோள் சரியானதும் அவர் திரும்பி வந்தார். அதே 12. காற்று 16 நாட், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. மறுக்கக் காரணம் இல்லை. கைட்டைப் பிடித்துக்கொண்டு லைன்களை மூன்று முறை பார்த்தேன். கட்டை விரலைக் காட்டிய பிறகும் இன்னொரு முறை பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.