தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்காது

லண்டனிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்றால் ஒரே பதில்தான்: சுமார் 5,540 கிலோமீட்டர். எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். அவை எல்லாமே சரியாகவும் இருக்கலாம்.

தூரத்தைச் சுவர் வரைபடத்தில் அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக விரித்த படம் அது. துருவங்களை நெருங்க நெருங்க நிலமும் கடலும் இழுபட்டிருக்கும். பூமி உருண்டைமேல் நூலை இறுக்கிப் பிடித்தால் விழும் கோடுதான் பெருவட்டப் பாதை. அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

கணக்குக்கு இரு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். அட்சரேகைகளின் சைன் இரண்டையும் பெருக்கி வையுங்கள். அவற்றின் கொசைன் இரண்டையும் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, தலைகீழ் கொசைன் எடுத்தால் கோணம் வரும். லண்டனின் ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. நியூயார்க்கின் ஜேஎஃப்கே 40.64 வடக்கு, 73.78 மேற்கு. கோணம் 49.83 டிகிரி. டிகிரிக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் அந்த 5,540 கிலோமீட்டர் வரும். கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். ஓர் ஊர் கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால், தீர்க்கரேகைகளைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்.

இனி நேரம். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் காற்றில்லாத வானில் 6 மணி 9 நிமிடம். ஆனால் அட்லாண்டிக் மேல் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்வான் வேகக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் எதிர்காற்றில் 6 மணி 55 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 5 மணி 32 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது அப்படியே மீட்டுவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். கூட்டிப் பாருங்கள், 9 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்பதே காரணம். 2020 பிப்ரவரியில் பலத்த பின்காற்றோடு ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் இதைவிட நீளம். கேட்டிலிருந்து நகர்வது முதல் அடுத்த கேட்டில் நிற்பது வரையிலான பிளாக் டைம் அது. டாக்ஸி (விமானம் தரையில் ஊர்ந்து செல்வது), ஏற்றம், இறக்கம், வரிசையில் காத்திருப்பு எல்லாம் அதில் அடக்கம். பாதையும் எப்போதும் நேராக அமையாது. 2022இல் ரஷ்ய வான்வெளி பல ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்டபின், சுமார் 9½ மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது. ஊர்கள் நகரவில்லை, தூரமும் மாறவில்லை!

டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி வித்தியாசம். ஆனால் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை முன்னே நகர்த்திவிடும். பிரிட்டன் அந்த மாதக் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். அந்த இடைவெளியில் வித்தியாசம் 4 மணிதான். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின் ஒரு வாரமும் இதே கதை. அந்த நாட்களில் இணைப்பு விமானம் இருந்தால், 5 என்று மனக்கணக்குப் போடாமல் இரு ஊர் நேரத்தையும் தேதியோடு சரிபாருங்கள்.