குத்தகை ஒன்பது மூட்டை, கடுதாசி இல்லாததற்கு எத்தனை மூட்டை?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுச் சாகுபடி மொத்தம் 15 மா, அதாவது 5 ஏக்கர். அதில் 6 மா சொந்தம், 9 மா குத்தகை, அதுவும் கடுதாசி எதுவும் எழுதாமல் வாய்வார்த்தையில். இரண்டுக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே நடவு ஆட்கள், ஒரே அறுவடை மிஷின். அப்பா செலவு எழுதுவதும் ஒரே நோட்டில்தான். அதனால் எந்த வயல் சோறு போடுகிறது, எது கையைக் கடிக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 2024-25 சம்பா முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.

சொந்த நிலத்தில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டது. அந்த சீசனில் சன்ன ரகத்துக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டால் 2,450, ஆக 18 குவிண்டாலுக்கு 44,100 ரூபாய். உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, அறுவடை எல்லாம் சேர்த்து 27,000. நின்றது 17,100. அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் வயலில் நின்ற கூலி இதில் கிடையாது, அதைப் போட்டால் கணக்கே வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம்.

குத்தகை நிலத்துக்கு மாவுக்கு 3 மூட்டை, ஏக்கருக்கு 9. பணமாக 13,230. அது போனால் 3,870 மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை.

முதலில் வட்டி. சொந்த நிலத்துக்கு கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன் கிடைக்கிறது, தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. குத்தகை நிலத்துக்கு அடங்கல் (யார் நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) வேண்டும், அடங்கலில் இருப்பது சென்னையில் இருக்கும் நிலக்காரர் பெயர். ஆகவே வெளியில் ஏக்கருக்கு 20,000 ரூபாய் இரண்டு வட்டிக்கு, ஆறு மாதத்தில் 2,400. அப்புறம் விளைச்சல். சொந்த வயலில் அப்பா சம்பாவுக்கு முன்னால் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவார், வண்டல் அடிப்பார். குத்தகை வயலில் எதுவும் செய்ய மாட்டார். அடுத்த ஆடிக்கு அந்த வயல் நம் கையில் இருக்குமோ இருக்காதோ, யாருக்காக மண்ணைத் தேற்றுவது? அங்கே 28 மூட்டைதான் கண்டது. இரண்டு மூட்டை குறைந்ததில் 2,940 போச்சு. 3,870-ல் இந்த இரண்டையும் கழித்தால் ஏக்கருக்கு 1,470 ரூபாய் நஷ்டம்.

குத்தகை அதிகம், அதனால்தான் நஷ்டம் என்று இத்தனை நாள் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டுச் சட்டப்படி நியாயக் குத்தகை என்பது மொத்த விளைச்சலில் 25 சதவீதம். 30 மூட்டையில் ஏழரை. நாங்கள் கூடுதலாகக் கொடுப்பது ஒன்றரை மூட்டை, 2,205 ரூபாய். கடுதாசி இல்லாததால் போனது வட்டியும் விளைச்சலுமாக 5,340. சட்டப்படி குத்தகையைக் குறைத்துக் கொடுத்தால்கூட அந்த வயலில் ஏக்கருக்கு எழுநூற்றுச் சொச்சம்தான் நிற்கும்.

சரி, எழுதிக்கொள்ள வேண்டியதுதானே? அப்பா ஒரு தடவை கேட்டார். "நமக்குள்ள என்னத்துக்குங்க எழுத்தெல்லாம்" என்றார் நிலக்காரர். நல்ல மனிதர்தான், ஒரு வருடம் மழையில் பயிர் முழுகி நிவாரணம் அவர் கணக்குக்குப் போனபோது பாதியை அவராகவே அனுப்பினார் (பாதியை). அவர் பயமும் எனக்குப் புரிகிறது. 1955-ஆம் வருடச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைக்காரரை லேசில் வெளியேற்ற விடாது. எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பாது, விற்கப் போனாலும் விலை படியாது என்பது ஊரில் நிலம் வைத்திருக்கிற எல்லோருடைய பயமும்தான். 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றவும் சட்டம் வந்தது, அது வந்ததால் பயம் இன்னும் ஒரு படி கூடியது. குத்தகைக்காரரைக் காப்பாற்ற வந்த சட்டம், இன்றைக்கு எங்களைப் போன்றவர்களை வாய்வார்த்தையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் தஞ்சாவூர் ஜில்லாவில் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும், அதைக் குறை சொல்ல வரவில்லை.

ஆந்திராவில் 2019-இல் வேறு மாதிரி ஒரு சட்டம் போட்டார்கள். சாகுபடி செய்பவருக்கு 11 மாதத்துக்கு ஒரு அட்டை, அதைக் காட்டிக் கடன், காப்பீடு, நிவாரணம் கேட்கலாம், நிலத்தின் உரிமையை அது தொடாது. ஆனால் அதற்கும் நிலக்காரர் கையெழுத்து வேண்டும், அங்கேதான் இடிக்கிறது. இருந்தாலும் 11 மாதம் என்றால் எங்கள் நிலக்காரர் கையெழுத்துப் போடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

எங்களுக்காவது 6 மா சொந்தம், அதைக் காட்டி மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் பணம் வருடம் 6,000 வருகிறது. முழுக்கக் குத்தகையில் உழுபவருக்கு அதுவும் கிடையாது, நிலம் பெயரில் இருக்க வேண்டும்.

கணக்கை அப்பாவிடம் காட்டி, 9 மாவையும் விட்டுவிடலாம் என்றேன். நோட்டை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"வைக்கோலை எங்க எழுதிருக்க?"

எழுதவில்லை. மூன்று மாடு வருடம் பூராவும் தின்பது அந்த 9 மா வைக்கோலைத்தான். திரும்ப எழுத வேண்டும்.