காலமை எழும்பாத பெட்டி

2025 ஜனவரி 6, திங்கள்

திருவெம்பாவைச் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கை முனையைக் கடக்கும்போதே எழும்பிவிட்டேன். கம்பஸ் பிள்ளை ஒருத்தியின் ஆய்வறிக்கை, நூற்றுப் பத்துப் பக்கம். ஒன்பது மணிக்குள் அச்செடுத்துக் கட்டக் கொடுக்க வேண்டும். முன் விறாந்தைதான் என் கடை. சுவரில் சுவிச்சைப் போட்டுவிட்டுக் கொம்பியூட்டர்ப் பெட்டியின் பட்டனை அமத்தினேன். ஒன்றுமில்லை. காற்றாடி சுற்றவில்லை, 'பீப்' இல்லை.

அதே பிளக்கில் மேசை லாம்பைச் செருகினேன், எரிந்தது. மொனிற்றரின் வயரைக் கழற்றிப் பெட்டிக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒரே மாதிரி வயர்தான். அதற்கும் அசையவில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன சுவிச்சை அம்மா தூசு துடைக்கும்போது தட்டிவிட்டாவோ என்று பார்த்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

பிள்ளை எட்டு மணிக்கே வந்து படியில் குந்திவிட்டாள். அழுகிற முகம். பவர் போனால் பைல் போகாது என்று சொன்னால் ஆர் நம்புகிறார்கள்? ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி வயரால் தங்கச்சி மகனின் லப்ரொப்பில் கொழுவிக் காட்டினேன். அறிக்கை அப்படியே இருந்தது. பத்தேகாலுக்குக் கட்டுக்குப் போனது.

பின்னேரம் டிஸ்கைத் திரும்பப் பூட்டி, சும்மா ஒருக்கால் அமத்தினேன். எழும்பியது! வயரைப் பகல் முழுக்கப் பிளக்கிலேயே விட்டிருந்தேன் என்பதை அப்போது யோசிக்கவேயில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

காலமை இல்லை. பகல் பதினொரு மணிக்கு உண்டு.

"இரவில சுவிச்சை நிப்பாட்டுறது நீங்கள்தானே அம்மா. போட்டு நிப்பாட்டி, போட்டு நிப்பாட்டித்தான் உது பழுதாப் போச்சு."

"மாரி மழைக்கு இடி விழுந்தா உன்ர பெட்டியோட வீட்டு வயரிங்கும் போகும். நான் நிப்பாட்டுவன்."

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. நாளைக்குப் பெட்டியைத் திறப்பம்.

ஜனவரி 8, புதன்

மூடியைக் கழற்றினால் உள்ளே செம்மண் தூசு ஒரு விரல் தடிப்பு. முதலில் முன் பட்டனில் சந்தேகம். பட்டனின் வயர், எல்லாப் பகுதியும் வந்து கொழுவும் பெரிய பலகையான மதர்போர்ட்டில் இரண்டு ஊசியில்தான் வந்து நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டு, ஸ்குறூ டிறைவர் முனையால் இரண்டையும் ஒருக்கால் தொடுத்தேன். பட்டன் செய்யும் வேலையும் அவ்வளவுதான். அசையவில்லை, ஆகவே பட்டனில் பிழையில்லை. ராம் என்ற நினைவகத் துண்டைக் கழற்றி அதன் பொன் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினேன். காசு மாதிரி இருக்கும் 2032 பற்றரியையும் மாற்றினேன். அந்தப் பற்றரி செத்தால் நேரம் பிழைக்கும், பழைய செற்றிங் போகும். பெட்டி அசையாமல் கிடப்பதற்கு அது காரணமாவது குறைவு. தெரிந்துகொண்டுதான் மாற்றினேன். கை சும்மா இருக்கவில்லை.

ஒன்று கண்டேன். மதர்போர்ட்டின் மூலையில் ஒரு சின்னப் பச்சை லைற். வயர் செருகியிருந்தால் பெட்டி ஓடாவிட்டாலும் அது நின்று எரிய வேண்டும். இன்று மின்மினி மாதிரி எரிவதும் அணைவதுமாக இருந்தது. குறித்து வைத்தேன், விளங்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடைக்குச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்ற பெடியன், சுவர்க் கறண்டை மாற்றிப் பெட்டிக்குக் கொடுக்கும் பவர் சப்ளையின் 24 ஊசித் தலையைப் போர்ட்டிலிருந்து கழற்றி, பேப்பர் கிளிப் ஒன்றை வளைத்துப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் தொடுத்தான். காற்றாடி சுழன்றது.

"பாத்தீங்களா அண்ணை, சப்ளை நல்லா இருக்கு. போர்ட்தான் போட்டுது."

பத்து வருடப் பெட்டிக்குப் புதுப் போர்ட் இப்போது கிடையாது. போர்ட், புறொசெசர், ராம் எல்லாம் புதிதாகப் போட எண்பதாயிரத்துக்குக் கிட்ட வரும் என்றான். பெட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்தேன். பரமேஸ்வராச் சந்தி வரைக்கும் மனதுக்குள் கணக்கு. தைப்பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள்.

ஜனவரி 10, வெள்ளி

றேடியோ மாமா காலமை ஆறரைக்கே வந்தார். கறண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவில் றேடியோ ஓட்டிய தலைமுறை. கொம்பியூட்டர் தெரியாது என்பார். வந்ததும் ஒரே கேள்வி:

"காலமை எழும்பாது, வெயில் ஏற எழும்பும். அப்பிடியோ?"

"ஓம் மாமா."

"அப்ப போர்ட்டில்லை."

வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றரை எடுத்தார். கறுப்பு முனை இரும்புச் சட்டத்தில், சிவப்பு முனை ஊதா வயரில். ஊதா வயர்தான் எப்போதும் விழித்திருப்பது. பெட்டி நித்திரையாக இருந்தாலும் சுவரில் கறண்ட் இருக்கும் மட்டும் அதில் ஐந்து வோல்ற் நிற்க வேண்டும். பட்டன் அமத்தியதை உணருவதே அந்த ஐந்து வோல்ற்றில்தான். போர்ட்டிலிருந்து கழற்றிப் பார்த்தபோது 5.03. பெடியனும் பார்த்திருந்தால் இதைத்தான் கண்டிருப்பான். பிறகு தலையைப் போர்ட்டில் கொழுவி, வயரின் பின்பக்கத்தால் முனையை நுழைத்துப் பார்த்தார். 3.6, 4.1, 3.4 என்று ஆடியது. ஐந்து வீதம் குறையலாம், 4.75க்குக் கீழே போகக்கூடாது. பச்சை லைற்றும் அதே தாளத்தில் மினுங்கியது.

"சும்மா நிக்கேக்க ஆரும் பயில்வான்தான். மூட்டையைத் தூக்கச் சொல்லு பாப்பம்."

பேப்பர் கிளிப் சோதனை ஒரு காற்றாடியைச் சுற்றவைக்கும், அவ்வளவுதான். சுற்றாவிட்டால் பெரும்பாலும் சப்ளை செத்தது. சுற்றினால் ஒன்றும் நிச்சயமில்லை. நேற்று நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

அடுப்படியில் தேத்தண்ணி குடித்து முடிய அரைமணி போயிருக்கும். திரும்ப வந்து பார்த்தால் 4.9, லைற் நின்று எரிகிறது. அமத்தினேன், எழும்பியது. சப்ளைக்குள்ளே கறண்டைத் தேக்கி வைக்கும் கொண்டென்சரின் திரவம் வற்றிவிட்டால் குளிரில் அது வேலைக்கு ஆகாது, கறண்ட் ஓடிச் சூடேறினால் கொஞ்சம் உயிர் வரும் என்றார் மாமா. மார்கழிக் காலமை, அதோடு இரவு முழுக்க அம்மா நிப்பாட்டி வைத்த பெட்டி.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்தவ, "அப்ப நான் நிப்பாட்டினதாலதானோ?" என்று கேட்டா.

"இல்லை அக்கா. அந்தப் பகுதி இரவு பகல் ஓடித்தான் காயுறது. நீங்கள் நிப்பாட்டினதால வருத்தம் வெளியில தெரிஞ்சுது."

அம்மா என்னைப் பார்த்தா. நான் மீற்றரைப் பார்த்தேன்.

ஜனவரி 11, சனி

வேறு கடை. "500 வாட்" என்று பெரிய எழுத்தில் ஒரு சப்ளையைக் காட்டினார்கள், விலை மலிவு. கையில் தூக்கினால் பஞ்சு. ஸ்ரிக்கரில் 12 வோல்ற்றுக்கு 18 அம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 216 வாட். மிச்சம் எங்கே என்று கேட்டேன், சிரித்தார்கள். 450 வாட்டில் பாரமான ஒன்றை 11,500 ரூபாவுக்கு வாங்கினேன்.

பழையதை மாமாதான் திறந்தார். வயரைக் கழற்றி ஒரு நாள் ஆகியும் உள்ளே பெரிய கொண்டென்சரில் கறண்ட் நிற்கலாமாம். 230 வோல்ற் உள்ளே போய் நேரோட்டமாகும்போது 320க்கு மேல் ஏறும். அதை மீற்றரால் பார்த்து உறுதிப்படுத்தும்வரை என்னைக் கிட்ட விடவில்லை. பிறகு கூப்பிட்டார். வெப்பத்தகட்டுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நுனியளவு உருளை ஒன்று. தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பி, குறுக்குக் கீறல் பிளந்து, அதன் வழியே கசிந்து காய்ந்த மண்ணிறம், பனங்கட்டித் துகள் ஒட்டின மாதிரி. இதற்கா எண்பதாயிரம்!

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கடை பூட்டு. பெட்டி மூன்றாவது நாளாகக் காலமை எழும்புகிறது. மாமா வீட்டுக்கு ஒரு சட்டி பொங்கல் போனது.

பெப்ரவரி 9, ஞாயிறு

முற்பகல் நாடு முழுக்கக் கறண்ட் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொல்கிறார். ஒழுங்கை முழுக்க அதே கதை, சிரிப்பு. கறண்ட் வந்தபோது பெட்டி நன்றாக ஆறிக் கிடந்தது. சுவிச்சைப் போட்ட கையோடு அமத்தினேன். ஒரே அமத்தலில் எழும்பியது.

இரவு படுக்கப் போகும்போது அம்மா சுவிச்சடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தா.

"நிப்பாட்டுங்கோ," என்றேன்.