கதவுக்குக் கீழே: எம்ஜிபி வாங்கும் நாட்குறிப்பு

ஏப்ரல் 2, 2024, செவ்வாய்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. துணிக்கூரை, குரோம் பம்பர், 1974-க்கு முந்தைய வண்டி. 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டி வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். வளைவுகளில் அது முன்னைவிட அதிகமாகச் சாயும். அந்த வகை மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் எனக்கு வேண்டாம்.

1962 முதல் 1980 வரை ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் கிடைத்ததை அள்ளிக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லை. உதிரிபாகங்களும் இங்கிலாந்தில் தாராளம். பழைய அச்சுகளைக் கொண்டு முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1798 சிசி எஞ்சினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருவராவது உண்டு. பணத்தை விழுங்குவது துருவும் அதற்கான வெல்டிங் கூலியும்தான்.

சென்னையை ஒட்டிய வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹெரால்டுக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டு. மேல்தகடு அரித்தாலும் கீழே தாங்க ஒன்று இருக்கும். எம்ஜிபிக்கு அப்படித் தனிச் சேஸி கிடையாது. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் ‘சில்’ என்ற பெட்டிப் பகுதிதான் அதன் முதுகெலும்பு. கூரை இல்லாத வண்டியில் முழுப் பாரமும் அதன் மேல்தான்.

ஏப்ரல் 6, சனி

லண்டனுக்குத் தெற்கே ஒரு விற்பனைக்கூடம். சிவப்பு நிற 1971 மாடல், 11,500 பவுண்டு. தூரத்திலிருந்து பார்க்க அத்தனை அழகு. பானெட்டைத் தொட்டேன், சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை நிலையைக் காட்டும் என்பதால், அதைக் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். வருவதற்குச் சற்று முன்னால் நகர்த்தி வைத்தோம் என்றார் விற்பனையாளர். இருக்கலாம்.

கதவின் பின் விளிம்புக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளியைப் பார்த்தேன். கீழே விரல் நுழைகிறது. மேலே போகப் போகக் குறுகிக் கிட்டத்தட்ட உரசுகிறது. வண்டியின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை சில் மீது ஓட்டினேன். நடுவில் பிடித்தது, முன் சக்கரத்தின் பின்னால், மட்கார்டின் அடிப்பகுதியில் பிடிக்கவே இல்லை. உள்ளே பட்டி நிரப்பியிருக்கிறார்கள்.

அங்கே என்ன செய்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சில் தகடு, கதவுக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற அளவோடு முடிவதில்லை; முன் மட்கார்டின் அடியிலும் பின் மட்கார்டின் அடியிலும் புகுந்து போகிறது. ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் போல்ட் கழற்றி முன் மட்கார்டை எடுக்க வேண்டும். பின் மட்கார்டின் அடியை வெட்ட வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டவர்கள் பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். துரு உள்ளே தொடர்ந்து தின்னும். சில் வலுவிழந்திருந்தால் தூக்கும்போது கதவு சிக்கும். அதனால் பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். அனுமதி இல்லை என்றார்கள். நன்றி சொல்லிப் புறப்பட்டேன். வாங்குபவரைக் கண்டு பயப்படுகிற வண்டியை நான் வாங்குவதில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்னொரு வண்டி கண்ணில் பட்டது. வில்ட்ஷயரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. 1972, அடர் பச்சை, 6,800 பவுண்டு. படங்களில் பெயின்ட் மங்கல், இருக்கைத் தையல் பிரிந்திருக்கிறது.

பதிவெண்ணைப் போட்டு அரசு இணையத்தில் எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் பார்த்தேன். 2018 மே முதல், நாற்பது வயதைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயம் இல்லை. அதனால் பல பழைய வண்டிகளை அன்றிலிருந்து யாரும் அடியில் குனிந்து பார்க்கவே இல்லை. இவரோ கட்டாயம் இல்லாதபோதும் ஒவ்வோர் ஆண்டும் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். “பின் ஸ்பிரிங் கொக்கி அருகே அரிப்பு” என்று ஓராண்டுக் குறிப்பு. அடுத்த ஆண்டு அது இல்லை. பெயின்டைவிட இந்தப் பட்டியல்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

ஏப்ரல் 13, சனி

ஹாரோவில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். எஞ்சின் குளிர்ந்தே இருந்தது. சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து எஸ்யூ நிறுவனத்தின் பெட்ரோல் பம்ப் படபடவென்று அடித்து, கார்புரேட்டர்கள் நிரம்பியதும் நின்றது. அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு இருக்கலாம்.

கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவு. ஜாக்கியில் தூக்கிய நிலையிலும் கதவு சிக்காமல் திறந்து மூடியது. அண்ணன் கீழே படுத்து நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு தலையை மட்டும் நீட்டி, “தம்பி, சில் இரண்டும் முழுமையாக மாற்றியவை. வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இடப்பக்க பேட்டரிப் பெட்டியில் ஓட்டை” என்றார். இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்குக் கீழே தொங்கும் இரண்டு பெட்டிகளில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இருந்த காலத்து வண்டி இது. மேலே அமிலம், கீழே சாலை நீர்; அரிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

முன் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம், லேசான ஆட்டம். பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டினார் அண்ணன்; ஆட்டம் அப்படியே இருந்தது. பேரிங் என்றால் மறைந்திருக்கும். ஆகவே தேய்ந்தது, முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின். பிரேக் மிதித்தபடியே, கம்பி ஆரங்கள் கொண்ட வயர் சக்கரங்களை முன்னும் பின்னும் திருகினோம், அசையவில்லை. சக்கரத்தைப் பிடிக்கும் ஹப்பின் பற்கள் நன்றாக இருக்கின்றன.

ஓட்டிப் பார்த்தேன். சூடேறிய பிறகும் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐ, நல்ல அளவு. இரண்டாம் கியருக்கு இறங்கும்போது மட்டும் கரகரப்பு. மூன்றிலும் நான்கிலும் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் உடனே பிடித்தது. நான்காம் கியரில் அதைப் போட்டால் எஞ்சின் சுழற்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நெடுஞ்சாலையில் பேச்சுக் குரல் கேட்பதே அதனால்தான். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மீண்டும் அழுத்தினேன். பின்னால் வந்த அண்ணன், நீலப் புகை இல்லை என்றார்; எஞ்சினில் ஆயில் எரியவில்லை என்று பொருள்.

சிலிண்டர் ஹெட்டில் கடினப்படுத்திய வால்வு இருக்கைகள் போட்டதற்கான ரசீதைப் பெரியவர் எடுத்துக் காட்டினார். ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய வால்வு இருக்கைகளைத் தேய்த்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நின்றுபோன 2000-ஆம் ஆண்டின் ரசீது. அவசியமானதை அவசியமான நேரத்தில் செய்திருக்கிறார். இந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

ஏப்ரல் 14, ஞாயிறு

பேட்டரிப் பெட்டி, கிங்பின், இரண்டாம் கியர். மூன்றையும் எழுதி, அண்ணன் சொன்ன செலவுக் கணக்கோடு ஆசிரியருக்கே அனுப்பினேன். 6,100 என்றேன், 6,300 என்றார். சரி என்றேன். இன்னும் அடித்துப் பேசியிருக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். நல்ல சில் உள்ள வண்டிக்கு இது நியாயமான விலை.

ஏப்ரல் 20, சனி

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பதிவுச் சான்றில் உள்ள சேஸி எண்ணையும் வண்டித் தகட்டில் உள்ளதையும் ஒப்பிட்ட பிறகே பணம் அனுப்பினேன். பழைய வண்டிக்குச் சாலை வரி இல்லை என்றாலும், புது உரிமையாளர் தன் பெயரில் வரிப்பதிவு செய்தாக வேண்டும். கிளம்பும் முன் அதையும் ஆசிரியரின் மேசையிலேயே முடித்தேன்.

பேட்டரிப் பெட்டிக்கும் கிங்பின்னுக்கும் மே முதல் வாரத்தில் அண்ணன் நாள் கொடுத்திருக்கிறார். அதோடு துரு பிடிக்காமல் இருக்க சில்களின் உள்ளே மெழுகும் பீய்ச்சச் சொல்லியிருக்கிறேன். கியர் பாக்ஸ் குளிர்காலம் வரை காத்திருக்கும். பெயின்டைப் பற்றி இப்போது யோசிக்கப் போவதில்லை.